இருவாச்சி வாங்கிய இரண்டாவது கார்டு

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. சிங்கம் இல்லாததால் ராஜா இல்லை. ராஜா இல்லாததால் மந்திரி நரிக்கு வேலை இல்லை. அது வேறு கதைகளுக்குப் பிழைக்கப் போய்விட்டது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

மலைச்சரிவில் ஒரு தங்கும் விடுதி இருந்து, வழக்கில் மாட்டி, மூடப்பட்டது. மனிதர்கள் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டரையும் வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய திரையையும் விட்டுவிட்டார்கள். கூரையில் சூரியத் தகடு இருந்ததால் மின்சாரத்துக்குக் குறைவில்லை. விலங்குகள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டன. கொள்கைப் பிடிப்பு ஒன்றும் காரணமில்லை. மற்றதெல்லாம் லைசென்ஸ் கேட்டது. லைசென்ஸ் முகவரி கேட்டது. முகவரி என்று எழுத அவர்களிடம் பொந்தும் புதரும்தான் இருந்தன.

உள்ளே ஏற்கெனவே, படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது. பெரியது, சூடானது, விசிறி வைத்தது. அதைச் செந்நாய்கள் எடுத்துக்கொண்டன, மழை எப்போது வரும் என்று கணக்குப் போட. கணக்கு முடிவதற்குள் பெரும்பாலும் மழை வந்துவிடும். செந்நாய்கள் நனைந்துகொண்டே விடையைச் சரிபார்க்கும். இருந்தாலும் அந்தக் கார்டில் வேறு யாரும் வாலை நுழைக்கக் கூடாது. நுழைத்தால் கடி. அதனால் பெரிய திரையை மதர்போர்டிலேயே இருந்த ஒரு சாதாரண ஓட்டையில் சொருகியிருந்தார்கள். படம் வந்தது. கண்ணாடியைத் தொலைத்தவர் பார்க்கிற மாதிரி வந்தது.

அந்தக் காட்டில் செண்பகவல்லி என்று ஒரு இருவாச்சி இருந்தாள். பெரிய இனத்துக்காரி. மஞ்சள் அலகு, அலகின் மேல் தோணியைக் கவிழ்த்துவைத்தது போல ஒரு கொண்டை. அவள் கணவர் கோமதிநாயகம், கொண்டையில் கொஞ்சம் கறுப்பு உள்ளவர்.

இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். ஆண் வெளியே சுற்றி இரை தேடி அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும், மாதக்கணக்கில். அத்திப்பழம், ஓணான், சில நாள் மரத்தவளை. கோமதிநாயகம் அத்தோடு நிறுத்துகிறவர் அல்லர். உள்ளே இருட்டில் கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவருவார். ஒருநாள் சோடா மூடி. ஒருநாள் யாரோ தொலைத்த ஒற்றைக் கம்மல். விடுதி மூடிய வருஷம் அங்கிருந்து நீளமாக ஒரு கறுப்புக் கேபிள். பாம்பு என்று நினைத்துக் கொண்டுவந்தாரா, பரிசு என்று நினைத்தாரா என்று அவள் கேட்டதில்லை. அது சுருள் சுருளாகக் கீறல் வழியே வந்து மடியில் விழுந்தது. வைத்துக்கொண்டாள்.

குஞ்சு வளர்ந்து பறந்து போயிற்று. அதற்குப் பிறகு ஒரு காலையில் கோமதிநாயகம் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலைக்கு அத்திப்பழம் தேடிப் போனார். திரும்பவில்லை.

செண்பகவல்லியால் தேடிப் போக முடியவில்லை. ஒரு புயலில் அவளுடைய இடது இறக்கை பழுதாகியிருந்தது. மரத்துக்கு மரம் போகலாம். மலைக்கு மலை போக முடியாது. திரையை இணைக்கக் கேபிள் இல்லை என்று காடே கையைப் பிசைந்தபோது பொந்திலிருந்த கேபிளைக் கொடுத்தவள் அவள்தான். அந்த உரிமையில் பகல் முழுவதும் திரைக்கு முன்னால் உட்கார அவளுக்கு இடம் கிடைத்தது.

திரையில் அவள் பார்த்தது ஒன்றே ஒன்று. எதிர்மலையில் ஆராய்ச்சிக்காரர்கள் கம்பம் நட்டு ஒரு கேமரா பொருத்தியிருந்தார்கள். அது அந்தச் சரிவை ஓயாமல் படம் பிடித்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. பெரிய படத்தைத் தாங்கும் இணைப்பு என்றால் பெரிதாக அனுப்பும். தாங்காது என்றால் சின்னதாக அனுப்பும். செண்பகவல்லிக்குச் சின்னதாகத்தான் வந்தது. அதில் ஒரு மரம். மரத்தில் ஒரு கிளை. கிளையில் மஞ்சளாக ஒன்று, அதன் மேல் கறுப்பாகக் கொஞ்சம்.

பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மஞ்சள் வேறு யாருக்கும் கிடையாது.

அது அசையாமல் இருந்தது. அவர் எப்போதுமே அப்படித்தான், ஒரு கிளையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். காற்றடித்தால் இலேசாக ஆடும். தூங்கி விழுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அடைமழையிலும் அங்கேயே இருந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. ஒதுங்கி நிற்கத் தெரியாதா இந்த மனுஷனுக்கு என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். திட்டி முடித்தபோது நெஞ்சு இலேசாக இருந்தது. காலையில் வந்ததும் அவரைப் பார்ப்பாள். சாயங்காலம் போகும்போது பார்ப்பாள். ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு இறக்கை வலி, எதிர்க்காற்று, ரோஷம் என்று தினம் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் பெருங்காற்று அடித்து ஓய்ந்தது. மறுநாள் பார்த்தால், மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று. சின்னதாக, ஒட்டினாற்போல.

சாம்பல் இருவாச்சி என்று ஒரு இனம் உண்டு. உருவத்தில் சின்னது, அலகில் கொண்டை கிடையாது, சிரிப்பது போலக் கூவும். செண்பகவல்லி அன்று இரை எடுக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சாம்பல் யார் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு அந்தப் பெரிய திரை தன் முழுத் திறனில் காட்ட வேண்டும். அதற்குச் செந்நாய்களின் கார்டைத் தொடாமல் இரண்டாவதாக ஒரு கார்டு வேண்டும். எந்தக் கார்டு என்று கேட்க லினக்ஸ் மன்றத்துக்குப் போனாள்.

மன்றம் உப்புப்பாறையில் கூடும். விலங்குகள் உப்பை நக்கிக்கொண்டே ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டர் சந்தேகம் தீர்த்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு பலகை. அதில் கேள்வியை எழுதிவிட்டு நிற்க வேண்டும்.

எதற்கு என்று கேட்டார்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண் முன்போல் இல்லை என்றாள் செண்பகவல்லி. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மைனா பறந்துபோய்ப் பார்த்துவிட்டு, வாயில் உப்பு கரைவதற்குள் திரும்பி வந்திருக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் எவளோ உட்கார்ந்திருக்கிறாள் என்று பன்றிகளுக்கு நடுவில் நின்று எப்படிச் சொல்வது?

காட்டுப்பன்றி பேச்சிமுத்து முதலில் பேசினான். "மதினி, பச்சைப் பெட்டிக் கார்ட வாங்குங்க. நான் அதத்தான் வச்சிருக்கேன்."

"அக்கா, அவன் பேச்சக் கேக்காதிய," என்றான் கருமந்தி உலகநாதன். "பச்சைக்கு டிரைவர் மூடுனது. செவப்புப் பெட்டிக்கு டிரைவர் திறந்தது."

டிரைவர் என்பது கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிற தரகர். பச்சைக் கார்டின் தரகர் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்ல மாட்டார். சிவப்புக் கார்டின் தரகர் எல்லாவற்றையும் திறந்து காட்டுவார், பழுது உட்பட. இந்த இருவரில் யார் உத்தமர் என்பதில் அந்தக் காட்டில் சம்பந்தம் முறிந்த குடும்பங்கள் உண்டு.

பேச்சிமுத்துவும் உலகநாதனும் வெயில் சாயும்வரை பேசினார்கள். பேச்சு கார்டிலிருந்து டிரைவருக்கும், டிரைவரிலிருந்து சுதந்திரத்துக்கும், சுதந்திரத்திலிருந்து உலகநாதனின் மாமனார் ஒரு பலாப்பழத்தைத் திருப்பித் தராத விஷயத்துக்கும் போயிற்று. உலகநாதன் இடையில், முதலில் கம்ப்யூட்டரில் இருக்கிற லினக்ஸையே மாற்றி வேறு லினக்ஸ் போட வேண்டும் என்றான். பேச்சிமுத்து, இரண்டாவது கார்டே வேண்டாம், முதல் கார்டைச் செந்நாய்களிடமிருந்து பிடுங்கினால் போதும் என்றான். யார் பிடுங்குவது என்று கேட்டபோது உப்பு நக்கப் போய்விட்டான்.

கடைசியில் மன்றத் தலைவர் முள்ளம்பன்றி பிச்சையா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். இது முன்பே கேட்ட கேள்வி, பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேள்வியை மூடினார்.

கீழ்ப்பக்கத்தில் இருந்தது. சடையாண்டி என்ற வரையாடு எப்போதோ எழுதியது. அதே திரை, அதே மங்கல், அதே வருத்தம். அதற்குக் கீழே அப்போதைய பன்றியும் அப்போதைய மந்தியும் போட்ட சண்டை. சண்டைக்குக் கீழே, சடையாண்டியின் கடைசி வரி:

சரியாகிவிட்டது. நன்றி.

எப்படிச் சரியானது என்று ஓர் எழுத்து இல்லை. செண்பகவல்லி பலகையைத் தலைகீழாகத் தொங்கிக்கூடப் பார்த்தாள். தனக்கு வழி தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போகிற பிறவிகள் என்று அந்த வரையாட்டின் பரம்பரையையே வைதாள்.

அவள் சிவப்புக் கார்டை வாங்கினாள். காரணம் சுதந்திரம் இல்லை. அதில் விசிறி கிடையாது. இன்னொரு இரைச்சல் வந்தால் செந்நாய்கள் பொறுக்க மாட்டா. இரண்டாவது கார்டுக்கு வேலையும் பெரிதாக இல்லை, படத்தைத் தூக்கித் திரையில் கொண்டுபோய் வைத்தால் போதும். விலையாக, தன் பொந்துக்கு எதிரே இருந்த அத்திமரத்தை அந்தப் பருவம் முழுவதும் அடிவாரத்துக் காக்கை வியாபாரிக்கு விட்டுக்கொடுத்தாள். கோமதிநாயகம் திரும்பி வந்தால் முதலில் தேடப்போகிற மரம் அது. எவளோடோ உட்கார்ந்திருப்பவருக்கு அத்திப்பழம் எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கார்டு ஒரு பெட்டியில் வந்தது. பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் புதுக் கேபிள் ஒன்றும் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவே இல்லை. நம்மிடம்தான் நல்ல கேபிள் இருக்கிறதே, இது எதற்கு?

கார்டைச் சொருகி, கணவர் கொண்டுவந்த கேபிளை அதில் மாட்டி, திரையைப் போட்டாள். மரம் வந்தது. கிளை வந்தது. மஞ்சளும் சாம்பலும் வந்தன. முன்பு எவ்வளவு மங்கலோ அவ்வளவே மங்கல்.

மறுபடி மன்றம். நான் அன்றைக்கே சொன்னேன், பச்சை என்று, என்றான் பேச்சிமுத்து. லினக்ஸை மாற்றினீர்களா என்று கேட்டான் உலகநாதன். மாற்றினாள். லினக்ஸின் உட்கருவான கெர்னலைப் புதிதாக்கச் சொன்னார்கள், புதிதாக்கினாள். இன்னும் புதிது வேண்டும் என்றார்கள். பிறகு, இவ்வளவு புதிது ஆகாது, பழையதற்குப் போங்கள் என்றார்கள். எங்கோ ஓர் எண்ணை மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மரம் படுத்துக் கிடந்தது. அந்த வாரம் முழுவதும் செண்பகவல்லி தலையைச் சாய்த்தே கணவரைப் பார்த்தாள். அப்போதும் அவர் அசையவில்லை. அந்தச் சாம்பலும் அசையவில்லை.

மன்றத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். கார்டின் பெயர், வயது, டிரைவரின் பெயர், வயது. கேபிளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். அவர் கொண்டுவந்தது.

கடைசியில் சடையாண்டியைத் தேடிப் போனாள். வரையாடுகள் இருப்பது உச்சிப் பாறையில். பழுதான இறக்கையோடு மரம் மரமாகத் தாவி, மரங்கள் முடிந்ததும் பாறை பாறையாக நடந்து ஏறினாள். சடையாண்டி விளிம்பில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க கேள்விதான் என் கேள்வியும்," என்றாள் மூச்சு வாங்க. "எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வார்த்த சேத்து எழுதியிருக்கலாம்லா?"

"சரியாயிட்டு, தாயி. அதான் எழுதியிருக்கே."

"எப்படி?"

சடையாண்டி புல்லை மென்று முடித்தார். பாறைக்குக் கீழே மேகம் நகர்வதைப் பார்த்தார். பிறகு இத்தனை நாளில் யாரும் சரியாகக் கேட்காததைக் கேட்டார். "நீ எதப் பாக்கணும்?"

"எழுத்து," என்றாள் செண்பகவல்லி.

"எழுத்துன்னா மங்கலே போதும். பெரிசாக்கிப் படிச்சுக்கிடலாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "எறங்கிப் போ தாயி. உள்ளது நல்லாத்தான் இருக்கு."

கஞ்சப் பிறவி என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு இறங்கினாள். வழியெல்லாம் ஆத்திரம். விடுதிக்கு வந்து சேர்ந்தபோது ஆத்திரம் தீர்ந்து அலுப்பு வந்திருந்தது. போதும், கார்டைக் காக்கையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அத்திமரத்தையாவது மீட்கலாம் என்று முடிவு செய்தாள்.

பெட்டியை எடுத்தாள். அடியில் புதுக் கேபிள் உறையோடு கிடந்தது. காக்கை வியாபாரியை அவளுக்குத் தெரியும். கேபிள் வேலை செய்யவில்லை, நீதான் கெடுத்தாய் என்று பஞ்சாயத்து வைப்பான். ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிவிடுவோம் என்று பழைய கேபிளைக் கழற்றி ஓரமாகச் சுருட்டிவைத்தாள். புதியதைச் சொருகினாள்.

திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு எதிர்மலை வந்து எதிரே நின்றது.

இலைகள் ஒவ்வொன்றாக, தனித்தனியாக, அவற்றின் நரம்போடு வந்தன. பட்டையின் வெடிப்பில் எறும்புகள் போவது தெரிந்தது. ஒரு சிலந்தி இழை வெயிலில் மின்னி மறைந்தது. இவ்வளவு நாள் பச்சை என்று ஒன்றாகக் கிடந்தது எத்தனை பச்சை என்று இப்போது தெரிந்தது. செண்பகவல்லி முதலில் இலைகளைப் பார்த்தாள். எறும்புகளைப் பார்த்தாள். பார்க்க வந்ததைக் கடைசியாகப் பார்த்தாள்.

கிளையில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

தேனெடுக்க வந்த யாரோ மாட்டிவிட்டு மறந்தது. இரண்டு காதும் ஒடிந்த கொம்பில் மாட்டியிருந்தன. ஓரத்துத் தையல் பிரிந்திருந்தது. பக்கத்தில் மூடியோடு ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி. முன்பு பை அதை மறைத்திருக்க வேண்டும். பெருங்காற்று பையை விலக்கியிருக்கிறது. சட்டியின் வயிற்றில் ஒரு நசுங்கல்.

தூக்குச்சட்டியின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரையின் வெளிச்சம் வாசல் வரை அடித்ததைப் பார்த்துப் பேச்சிமுத்துவும் உலகநாதனும் உள்ளே வந்தார்கள்.

"எம்மாடி, என்ன தெளிவு," என்றான் உலகநாதன். "நான் சொன்னம்லா அக்கா, லினக்ஸ மாத்துனா வரும்னு."

கெர்னலைப் பழையதாக்கியதுதான் காரணம், அதைச் சொன்னது தான்தான் என்றான் பேச்சிமுத்து. பிறகு திரையின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனான். "மதினி, ஒங்களுக்கு இனிமே எழுத்துக் கவலையே இல்ல. அன்னா பாருங்க, அந்த மலையில கெடக்க ஜவுளிக்கடைப் பையில எழுதியிருக்கது வரைக்கும் தெரியுது." படிப்பில் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை. எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தான். "நன்றி. மீண்டும் வருக."

செண்பகவல்லி ஆமாம் என்றாள்.

எப்படிச் செய்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்பா, பழைய கெர்னலா என்று பேசிக்கொண்டே உப்புப்பாறைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சத்தம் சரிவில் வெகுதூரம் கேட்டது.

அவள் புதுக் கேபிளைப் பிடுங்கினாள். உறைக்குள் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்தாள். சுருட்டி வைத்திருந்த பழைய கேபிளை எடுத்து அலகால் தூசி தட்டி மாட்டினாள்.

இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையாயின. எறும்புகள் போயின. எழுத்துகள் கறுப்பாகிக் கொஞ்சம் கொண்டை மாதிரி ஆயின. கிளையில் மஞ்சளாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அவளும் வந்தாள்.

"இருந்துட்டுப் போட்டும்," என்றாள் செண்பகவல்லி. "தனியா இருந்தா ஒதுங்கி நிக்கக்கூடத் தெரியாது அவுகளுக்கு."

காக்கை வியாபாரி வந்து கேட்டபோது கார்டு நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னாள். அத்திமரத்தை மீட்கவில்லை. அடுத்த கூட்டத்தன்று உப்புப்பாறைக்குப் போய், பலகையில் தன் கேள்விக்கு அடியில் ஒரு வரி எழுதினாள்.

சரியாகிவிட்டது. நன்றி.

எழுதியது போதுமா என்று யோசித்தாள். கேபிள் என்று ஒரு சொல் சேர்க்க இடம் இருந்தது. அண்ணாந்து உச்சிப் பாறையைப் பார்த்தாள். விளிம்பில் சடையாண்டி புள்ளியாகத் தெரிந்தார், மேய்கிறாரா பார்க்கிறாரா என்று சொல்ல முடியாத தூரத்தில். அவர் அப்படி எதைத் தெளிவாகப் பார்த்தார் என்று அவள் கேட்கப் போவதில்லை. எழுதுகோலை வைத்துவிட்டாள். பிச்சையா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்து கேள்வியை மறுபடி மூடினார்.

திரை மங்கல் என்று அந்தப் பலகைக்கு வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை. வருகிறவர்கள் கடைசி வரியைப் படிக்கிறார்கள். ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் இவள் அலகு தேய்ந்தா போய்விடும் என்று திட்டுகிறார்கள். செண்பகவல்லிக்கு அது கேட்கும். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மழையில் நனைகிற ஒருவரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

நீதி: கார்டை மாற்றலாம், டிரைவரை மாற்றலாம், வேண்டுமானால் லினக்ஸையே மாற்றலாம், படம் மங்கலாகத் தெரிகிறவரை கேபிளை மட்டும் தொடாதீர்கள்.